பூசணிக்காயை நம்பிய பட்டியல்

கேட்ட கேள்விக்கு எண்ணால் விடை சொல்லத் தெரியாத மனிதர்களோடு பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்தவர் வீரையா. எத்தனை நாள் படப்பிடிப்பு என்று கேட்டால் கதாநாயகனின் பெயரைச் சொல்வார்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டால், "சின்ன யூனிட்தாண்ணே" என்பார்கள். சுவரில் ஆணி அடிப்பீர்களா என்று கேட்டால் தோளில் கையைப் போட்டுச் சிரிப்பார்கள். சிரித்த அன்றைக்கே ஆணி இறங்கிவிடும்.

காரைக்குடியில் 'பெரிய கதவு வீடு' எங்கே என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் வழி சொல்வார். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் அந்த வீட்டின் உரிமைக்காரர் கண்ணாத்தாள் ஆச்சி. அவர் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். வீரையா தச்சுத் தொழில் செய்யும் குடும்பத்தவர். தலைவாசல் கதவின் கீலைச் சரிசெய்ய ஒரு நாள் வேலையாக வந்தார். வேலையின் சுத்தத்தைப் பார்த்த ஆச்சி, முப்பத்தொரு சாவிகள் கோத்த கொத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் வீட்டைத் திறப்பதும் பூட்டுவதும், வாடகைக்கு வரும் படக்குழுவினரிடமிருந்து தூண்களையும் கதவுகளையும் காப்பாற்றுவதும் அவருடைய பொறுப்பு.

மூன்று படங்கள் வந்து போனபின் வீரையா ஒரு நீளக் குறிப்பேடு வாங்கிக் கட்டங்கள் போட்டார். படத்தின் பெயருக்குக் கட்டம் ஒதுக்கவில்லை. பெயர் எப்படியும் மூன்று முறை மாறும். கதையின் வகை, அவர்கள் சொன்ன நாள்கள், உண்மையில் நடந்த நாள்கள், காலையில் முதல் காட்சி எடுத்த நேரம், ஒவ்வொரு நாளும் விழுந்த எச்சில் இலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு மட்டும் கட்டங்கள். எச்சில் இலைகளை எண்ணியதற்கு ஆராய்ச்சி நோக்கம் எதுவும் இல்லை. நகராட்சிக் குப்பை வண்டியில் வருபவர், "எம்புட்டு இலைன்னு முதல்லயே சொல்லணும்" என்று ஒரு முறை தெருவில் நின்று சண்டையிட்டார். அன்றிலிருந்து எண்ணத் தொடங்கியதுதான்.

அவருடைய மகள் அகிலா இருசக்கர வாகன விற்பனையகம் ஒன்றில் கணினி வேலை பார்க்கிறாள். ஒரு விடுமுறையில் குறிப்பேடு முழுவதையும் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். நாற்பத்து மூன்று படப்பிடிப்புகள், நாற்பத்து மூன்று வரிசைகள். முறைப்படி அடுக்கிப் பார்த்தபோது, திரைப்படத் துறை என்பது வெளியில் தெரிகின்ற அளவுக்கு மர்மமானது அன்று என்பது வீரையாவுக்குப் புலப்பட்டது. பாடல் எடுக்க வருகிறவர்கள் சொன்ன நாளில் முடித்துவிடுவார்கள். ஆடுகிற பிள்ளைகளுக்கு மறுநாள் வேறோர் ஊரில் வேலை இருக்கும். குடும்பக் கதை இரண்டு நாள் நீளும். பேய்க் கதை இருமடங்காகும்; பேய்க்குப் புகை வேண்டும், புகை நிற்க வேண்டும், காற்று ஒத்துழைக்க வேண்டும். "விடியக்காலம் ஆறு மணிக்கு முதல் ஷாட்" என்று சொன்னவர்கள் சராசரியாகப் பத்து மணி இருபது நிமிடத்துக்கு எடுத்தார்கள்.

இவற்றையெல்லாம் கேட்க ஒருவரும் இல்லை என்பதுதான் அவருடைய தீராத மனக்குறை. தெருவில் யாரைச் சந்தித்தாலும் கேட்பது ஒரே கேள்வி: "கதாநாயகி எந்த ரூம்ல தங்கியிருந்தாக?" உள்ளூர் இணைய ஒளிபரப்புக்காரர் ஒருவர் ஒரு முறை பேட்டி எடுக்க வந்தார். சராசரி என்றால் என்ன, உச்சம் என்றால் என்ன என்று வீரையா நாற்பது நிமிடம் விளக்கினார். ஒளிபரப்பானது இரண்டு நிமிடம். தலைப்பு, 'பெரிய கதவு வீட்டில் பேய் உலவுகிறதா?' என்பது. அதற்குப் பிறகு பத்து நாள்களுக்கு வீரையா தேநீர்க் கடைப் பக்கம் போகவில்லை.

இந்த ஆண்டு ஒரு பேய்ப் படத்துக்காக முத்தரசு வந்தான். சென்னைக் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு மேலாளன். சொந்த ஊர் மதுரைப் பக்கம்.

"எட்டாம் தேதி வாரோம்ணே. அஞ்சே நாள்."

"அஞ்சுன்னா எத்தன, தம்பி?"

"அஞ்சுன்னா அஞ்சுதாண்ணே. என்னண்ணே இப்புடிக் கேக்குறீக?"

"இதுவரைக்கும் பதினோரு பேரு எங்கிட்ட அஞ்சு நாளுன்னு சொல்லியிருக்காக. ஒருத்தரும் அஞ்சுல முடிக்கல. சராசரி எட்டு. ஆகக் கூட இழுத்தது பத்து."

முத்தரசு அவருடைய தோளில் கையைப் போட்டுச் சிரித்தான்.

இந்த முறை வீரையாவால் வெறுமனே எரிச்சல்பட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி அந்த வீட்டில் படைப்பு. முன்னோரை நினைத்துப் புதுத்துணி வைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் நாள். எங்கெங்கோ இருக்கும் அறுபது குடும்பங்கள் அதற்காக ஊர் திரும்பும். தேதியை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. அதற்கு முன் சுவர்களுக்கு வெள்ளையடித்து வீட்டைக் கழுவிவிட மூன்று முழு நாள்கள் தேவை.

ஆச்சி தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவுக இருந்துட்டுப் போறதுக்கும் நம்ம படைப்புக்கும் இடிக்காதுல்ல?"

"இடிக்காது ஆச்சி. ரொம்ப இழுத்தாலும் பதினேழாம் தேதி முடிஞ்சிரும். பத்தொன்பது வருசக் கணக்கு வச்சுச் சொல்றேன்."

"உன் கணக்க நம்பித்தான் விடுறேன், வீரையா. இந்த வீட்டுல படைப்புத் தேதி தவறினதா எங்க அப்பச்சி காலத்துலயும் கிடையாது. தவறுச்சுன்னா சாவிக்கொத்த மேசை மேல வச்சிட்டுப் போயிரணும். பெறகு வருத்தப்படக் கூடாது."

ஆச்சி கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்லும் குரலில் சொன்னார். தொலைபேசியை வைத்ததும் வீரையா கொத்திலிருந்த சாவிகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தார்.

எட்டாம் தேதி படக்குழு வந்து இறங்கியது. வீட்டின் நடுவே திறந்த முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவின் வெள்ளைச் சுவர்களுக்கு, பேய் குடியிருந்தது போலத் தோன்ற வேண்டும் என்று பாசிப் பச்சைச் சாயம் பூசினார்கள். வீரையா தூணுக்குத் தூண் ஓடிச் சாக்குகளைக் கட்டினார். முதல் நாள் நூற்று எழுபத்திரண்டு இலைகள் விழுந்தன. சின்ன யூனிட்.

பன்னிரண்டாம் தேதி மாலை, எதிர்பாராத ஒன்று நடந்தது. தலைவாசலில் கற்பூரம் ஏற்றி, எல்லாரும் கைதட்ட, பூசணிக்காயை உடைத்தார்கள். படப்பிடிப்பு நிறைவடைந்தது என்பதற்கு அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அடையாளம் இல்லை. உடைந்த துண்டுகளையும் குங்குமத்தையும் கூட்டி அள்ளுவது எப்போதும் வீரையாவின் வேலை. அள்ளி முடித்துக் கையைக் கழுவியவுடன் குறிப்பேட்டில் 'நடந்த நாள்' என்ற கட்டத்தை நிரப்புவதும் அவருடைய வழக்கம். அன்று அந்தக் கட்டத்தில் 'ஐந்து' என்று எழுதும்போது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஐந்து நாள் என்று சொன்ன பதினோரு வரிசைகளில் இல்லாத ஒழுங்கு நாற்பத்து நான்காவது வரிசையில் மட்டும் எப்படி வரும்? இருந்தாலும் ஆச்சியை அழைத்து, "முடிஞ்சிருச்சு ஆச்சி, பூசணிக்கா ஒடச்சாச்சு" என்றார்.

பதின்மூன்றாம் தேதி காலை அவர் வெள்ளையடிக்கும் ஆள்களோடு போனபோது, வாசலில் ஜெனரேட்டர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நூற்றுப் பத்துப் பேர் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி இது? நேத்துதான பூசணி ஒடச்சீக?"

"அது ஹீரோவுக்கு ஒடச்சதுண்ணே. அவரு போர்சன் முடிஞ்சது, அவரு கெளம்பிட்டாரு. படம் இன்னும் முடியலைல்ல? அதுக்குத் தனியா ஒரு பூசணி வாங்கி வச்சிருக்கோம்."

"ஒரு படத்துக்கு எத்தன பூசணி?"

"அது சூழ்நிலையப் பொறுத்ததுண்ணே."

வெள்ளையடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வீரையா பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார். அவரை வதைத்தது முத்தரசுவின் பதில் அன்று. பத்தொன்பது ஆண்டுகளாக, பூசணிக்காய் உடைந்த நாளைத்தானே 'முடிந்த நாள்' என்று எழுதி வந்திருக்கிறோம் என்ற நினைப்புதான். துண்டுகளை அள்ளிய கையோடு கட்டத்தை நிரப்பிவிடுவார். அதற்குப் பின்னும் சில நாள் ஆள்கள் இருப்பார்கள். 'மிச்சம் மீதி வேலை' என்பார்கள். அவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. உலகத்தில் எல்லாரும் எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதரின் பட்டியலே, ஒரு காயை நம்பி எழுதப்பட்டிருந்தது.

மாலையில் அகிலா வேலை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றாள்.

"அப்பா, நீங்க சினிமாவ அளக்கல. பூசணிக்காய அளந்திருக்கீக."

"சரி, போதும். இப்ப என்ன செய்யிறது, அதச் சொல்லு."

"இலைக் கணக்கு இருக்குல்ல? அத நிறுத்தாமத்தான எழுதியிருக்கீக?"

இருந்தது. குப்பை வண்டிக்காரருக்குப் பயந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். பூசணிக்காய் பொய் சொல்லலாம். எச்சில் இலை பொய் சொல்லாது. இலை விழுகிற வரை ஆள்கள் வீட்டில் இருந்தார்கள் என்று பொருள். அகிலா அந்தக் கட்டத்தை வைத்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டாள். ஐந்து நாள் என்று சொன்னவர்கள் உண்மையில் இருந்தது சராசரியாகப் பதினொரு நாள். ஆகக் கூடியது பதினான்கு.

வீரையா விரல்விட்டு எண்ணினார். சராசரிப்படி நடந்தால் பதினெட்டாம் தேதி. உச்சத்தின்படி நடந்தால் இருபத்தொன்றாம் தேதி மாலை. மறுநாள் படைப்பு. பச்சைச் சுவர்களுக்கு நடுவே அறுபது குடும்பங்கள்.

மறைக்க எண்ணியிருந்தால் மறைத்திருக்கலாம். அவர் உடனே கோயம்புத்தூருக்குப் பேசினார்.

"ஆச்சி, நேத்து முடிஞ்சதுன்னு சொன்னேன். முடியல. பதினேழுன்னு சொன்னதும் தப்பு. என் கணக்குலயே தப்பு இருந்திருக்கு. பதினெட்டும் ஆகலாம், இருபத்தொண்ணும் ஆகலாம்."

ஆச்சி, "நான் பத்தொன்பதாம் தேதி காலையில அங்க வாரேன். வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் தந்தையும் மகளும் மீண்டும் பட்டியலின் முன் உட்கார்ந்தார்கள். எத்தனை நாள் என்பதை விட்டுவிட்டு, எதனால் முடிகிறது என்று தேடினார்கள். கதாநாயகன் போனதால் முடிந்ததா? இல்லை, நாயகன் போன பின்னும் ஒரு வாரம் இருந்தார்கள். மழையாலா? மழை நாளில் உள்ளே வந்து எடுத்தார்கள். இயக்குநர் நினைத்தது எல்லாம் எடுத்து முடித்ததாலா? அப்படி ஒரு வரிசைகூட இல்லை. மிச்சத்தைச் சென்னையில் செட் போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் எல்லாரும் போயிருந்தார்கள். குறிப்பேட்டின் ஓரத்தில் வீரையா கிறுக்கி வைத்திருந்த குறிப்புகளைப் படித்துக்கொண்டே வந்த அகிலாவின் விரல் ஓரிடத்தில் நின்றது. 'சமையல் வண்டி காலையில் போனது.' அடுத்த வரிசை: 'சமையல்காரருக்குப் பொள்ளாச்சியில் வேலை, சாமான் ஏற்றினார்.' குறிப்பு இருந்த முப்பத்தெட்டு வரிசைகளில் முப்பத்தாறில், சமையல்காரர் கிளம்பிய அன்றோ மறுநாளோ படக்குழுவும் கிளம்பியிருந்தது.

"படம் முடியிறதே இல்லப்பா. சாப்பாடுதான் முடியுது" என்றாள் அகிலா. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா இவுக கெளம்புறதுனால சமையக்காரர் போறாரா, அவர் போறதுனால இவுக கெளம்புறாகளான்னு இதுல தெரியாது" என்றாள்.

"அத அவருகிட்டயே கேட்டாப் போச்சு."

அந்தப் படத்துக்குச் சமைத்தவர் கல்லலைச் சேர்ந்த சொக்கு. பெரிய விருந்துகளுக்கும் படக்குழுக்களுக்கும் சமைத்துப் பேர் எடுத்தவர். பின்வாசலில் ஆட்டுக்கறியைக் கிண்டிக்கொண்டிருந்தவரிடம் வீரையா நேராகவே கேட்டார்.

"சொக்கண்ணே, ஒங்க அடுத்த வேலை என்னைக்கு, எங்குட்டு?"

"எங்குட்டா? இங்குட்டுத்தான். இருபத்திரண்டாம் தேதி நம்ம படைப்புக்கு நாந்தான சமையல். ஆச்சி போன மாசமே சொல்லிட்டாக, தெரியாதா?"

"அதுக்கு நடுவுல?"

"ஒண்ணுமில்ல. இவுக இருக்கிற வரைக்கும் இவுகளுக்குப் பொங்கிப் போட்டுட்டு, அப்புடியே படைப்புக்கு அடுப்பத் திருப்பிர வேண்டியதுதான். சாமான ஏத்தி எறக்குற வேலை மிச்சம்."

முப்பத்தாறு படக்குழுக்களை வீட்டைவிட்டுக் கிளப்பிய விசை, சமையல்காரரின் அடுத்த வேலை. இந்த முறை அந்த அடுத்த வேலை இதே வீட்டில். இருபத்தொன்றாம் தேதி வரை கறிச்சோறு தடையில்லாமல் கிடைக்கும். ஏன் போவார்கள்?

கிளம்ப எழுந்தவர் ஒன்றை நினைத்துத் திரும்பினார். "படைப்புக்கு வெரதம் இருக்கணுமேண்ணே நீங்க?"

"இருக்கணும்ல. சைவப் படைப்பாச்சே. மூணு நாளு கறிய மோந்துகூடப் பாக்க மாட்டேன். கறி கிண்டின சட்டியவும் தொடமாட்டேன்."

"அஞ்சு நாளா இருந்தா தப்பா?"

சொக்கு கரண்டியை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெரதத்தக் கொறச்சாத்தான் சாமி கோவிக்கும். கூட்டினா என்ன செய்யப் போகுது? ஏன், ஒங்களுக்கு என்ன வேண்டுதல்?"

வீரையா ஒளிக்காமல் சொன்னார். பச்சைச் சுவர், படைப்பு, சாவிக்கொத்து, முப்பத்தாறு வரிசைகள், எல்லாம். சொக்கு முழுவதையும் கேட்டார். பட்டியலைப் பற்றிப் பொறுமையாகக் கேட்ட முதல் மனிதர் அவர்தான், ஆனால் கேட்டு முடித்ததும், "எப்படியோ, கதாநாயகன விட நாந்தான் பெருசுன்னு ஒங்க நோட்டு சொல்லுது. அதுல ஒரு நகல் எனக்கு வேணும், எம் பொஞ்சாதிகிட்டக் காட்டணும்" என்றார்.

பதினேழாம் தேதி மதியம், கறியை எதிர்பார்த்து வரிசையில் நின்றவர்களின் இலையில் வாழைக்காய்ப் பொரியலும் கத்திரிக்காய்க் குழம்பும் விழுந்தன. முத்தரசு ஓடி வந்தான்.

"என்னண்ணே சொக்கண்ணே, காரைக்குடிக்கு வந்து வாழக்காயா? லைட்மேனெல்லாம் மொறைக்கிறாய்ங்க."

"வெரதம் தம்பி. அஞ்சு நாளைக்கு இப்புடித்தான். வேற ஆள வேணா பாத்துக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஐந்தே நாள் என்று மேலும் ஐந்து நாள் இழுத்தவனுக்கு, அரை நாளில் வேறு சமையல்காரர் கிடைக்கவில்லை. பங்குனி மாதம், ஊரில் எல்லாருக்கும் வேலை. அன்று மதியம் தொண்ணூற்று நான்கு பேரில் முப்பத்தொரு பேர் மட்டும் அங்கே உண்டார்கள். மற்றவர்கள் கறிச் சாப்பாடு தேடி ஊருக்குள் போனார்கள். ஒரு மணிக்குப் போனவர்கள் மூன்றரைக்குத் திரும்பினார்கள். அவர்கள் வந்தபோது முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. புகை மட்டும் தயாராக இருந்தது. மறுநாள் மதியம் விழுந்த இலைகள் இருபத்திரண்டு. பேயாக நடித்த பெண் அந்த இருபத்திரண்டில் ஒருத்தி. அவள் இரண்டாம் முறை கத்திரிக்காய் கேட்டாள்.

நான்கு மணிக்கு இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து, "மிச்சத்த மெட்ராஸ்ல செட் போட்டு எடுத்துக்கலாம்" என்றார்.

இரண்டாவது பூசணிக்காய் உடைந்தது. வீரையா துண்டுகளைக் கூட்டி அள்ளினார், கையைக் கழுவினார், குறிப்பேட்டைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பின்வாசல் குப்பைத் தொட்டியில் எட்டிப் பார்த்தார். ஓர் இலைகூட இல்லை. அதன் பிறகே உட்கார்ந்து, பழைய 'ஐந்தை' அடித்துவிட்டு, 'பதினொன்று' என்று எழுதினார்.

அகிலா எட்டிப் பார்த்தாள். "நம்ம இம்புட்டுச் சூழ்ச்சியும் பண்ணி, கடைசில சராசரியிலதான் வந்து நின்னுருக்கோம்ப்பா."

"வாய மூடிக்கிட்டு வாளிய எடு" என்றார் வீரையா.

பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கண்ணாத்தாள் ஆச்சி வந்து இறங்கியபோது, வெள்ளையடிக்கும் ஆள்கள் ஏணியில் இருந்தார்கள். வளவின் ஒரு பக்கச் சுவர் வெள்ளையாகவும் மூன்று பக்கங்கள் பச்சையாகவும் இருந்தன. ஆச்சி வீட்டைச் சுற்றி வந்தார். தூண்களைத் தடவினார். தலைவாசல் கல்லில் குங்குமக் கறை போகாமல் இருந்த இடத்தில் நின்றார்.

"இது என்ன, ரெண்டு கறை?"

"ரெண்டு பூசணி, ஆச்சி."

"மூணு நாள்ல முடிஞ்சிருமா?"

"வெள்ளையடிக்கிறவரு ரெண்டுன்னாரு. நான் மூணுன்னு வச்சிருக்கேன்."

ஆச்சி கையை நீட்டினார். வீரையா சாவிக்கொத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார். ஆச்சி அதிலிருந்து சாமியறைச் சாவியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டார். படைப்பு நாள்களில் அந்த அறையை வீட்டுக்காரர்தான் திறக்க வேண்டும். மிச்சம் முப்பது சாவிகளையும் வீரையாவிடமே நீட்டினார்.

"தப்பு நடந்துச்சுன்னு அன்னைக்கே போன் பண்ணுனியே, அதுக்காக" என்றார். வீரையா பதில் சொல்வதற்குள், "அது கெடக்கட்டும். அந்தக் கதாநாயகி எந்த ரூம்ல தங்கியிருந்தா?" என்று கேட்டார்.

வீரையா சற்று நேரம் கண்ணை மூடித் திறந்தார். "மேல, மேற்குப் பக்க ரூம்ல, ஆச்சி."

படைப்பு அந்தத் தேதியில் நடந்தது. பந்தியில் விழுந்த இலைகள் இருநூற்று எட்டு, பழக்கத்தால் எண்ணிவிட்டார். அகிலா அந்த வாரம் முழுவதும் பழைய நாற்பத்து மூன்று வரிசைகளிலும் 'முடிந்த நாள்' கட்டத்தை இலைக் கணக்குப்படி திருத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் முத்தரசு தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, வைகாசியில ஒரு படம் இருக்கு. குடும்பக் கதைதான். மூணே நாள்ணே."

வீரையா அவனோடு வாதாடவில்லை. மூன்று என்றால் எத்தனை என்றும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் நாற்பத்தைந்தாம் வரிசையைத் திறந்துவைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி தம்பி. சமையல் யாரு? அவருக்கு அடுத்த வேலை என்னைக்கு?" என்று கேட்டார்.